பிஆர்சி, ஏஇசட்டபிள்யூ, எல்ஐடி கோப்புகளை ஈபப் ஆக்குவது: பின்னொட்டு ஒன்றாக இருந்தும் உள்ளே வேறாக இருப்பது ஏன்?

ஏட்டுக்கட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான என் பெரியப்பாவின் கணினியிலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த மின்னூல்கள் அனைத்தையும் ஒரு வன்தட்டுக்கு நகலெடுத்திருக்கிறேன். முதலில் பாம் கைக்கணினி, அடுத்து சோனி ரீடர், கடைசி ஆண்டுகளில் கிண்டில் என்று கருவி மாற மாற அவருடைய கோப்புகளின் வகையும் மாறியிருக்கிறது. ஆகையால் ஏறத்தாழ 200 கோப்புகளில் பிஆர்சி, மோபி, ஏஇசட்டபிள்யூ, எல்ஐடி, எல்ஆர்எஃப் ஆகிய ஐந்து பின்னொட்டுகள் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பெரும்பாலான படிப்பான்களில் திறக்கும் ஈபப் என்ற பொது மின்னூல் வடிவமாக்கி, வீட்டில் உள்ளவர்கள் கைபேசியிலேயே படிக்கும்படி செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் என்ற மென்பொருளில் இட்டுப் பார்த்ததில் மூன்று இடங்களில் தடுமாறி நிற்கிறேன். முதலாவது, பெரியப்பா தாமே மோபிபாக்கெட் கிரியேட்டர் மென்பொருளில் உருவாக்கிய தமிழ்ப் பிஆர்சி கோப்புகள். ஆங்கிலக் கோப்புகள் பழுதில்லாமல் மாறுகின்றன. தமிழ்க் கோப்புகளிலோ சிலவற்றில் தலையில் சாய்கோடு இட்ட சிறிய 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' அடைத்த சின்னமும் திரும்பத் திரும்ப வருகின்றன, வேறு சிலவற்றில் இன்னதென்று சொல்ல முடியாத ஐரோப்பிய எழுத்துக் குவியல் வருகிறது. காலிபரில் உள்ளீட்டுக் குறியேற்றத்தை, அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை, மாற்றியும் பயனில்லை. இரண்டாவது, ஏஇசட்டபிள்யூ பின்னொட்டு கொண்ட கோப்புகளில் சில உடனே மாறுகின்றன, சில பூட்டப்பட்டுள்ளன என்று மறுக்கின்றன. மூன்றாவது, ஒரு மோபி கோப்பு மட்டும் அதே நூலின் ஈபப் பிரதியைப் போல மும்மடங்கு கனக்கிறது. மாற்றும்போது எது போகும், எது தங்கும் என்று தெரிந்தால்தான் துணிந்து தொடர முடியும்.

அறுபதாம்பைட் (மறுமொழி 1)

பின்னொட்டை நம்பாதீர்கள். அது கோப்பின் மேலே ஒட்டிய சீட்டு. கோப்பு எது என்பதை அதன் பைட்டுகள்தாம் சொல்லும். கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் இலவச ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் உங்கள் பிஆர்சி, மோபி, ஏஇசட்டபிள்யூ கோப்புகளைத் திறந்து, சுழியத்திலிருந்து எண்ணி 60ஆம் பைட்டுக்குச் செல்லுங்கள். அங்கே 'புக்மோபி' என்று எட்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் மூன்றும் ஒரே குடும்பம். 'டெக்ஸ்ட்ரீட்' என்றிருந்தால் அது அதற்கும் முந்தைய பாம் டாக் கோப்பு. 2000ஆம் ஆண்டில் பிரான்சில் தொடங்கிய மோபிபாக்கெட் நிறுவனம், அன்றைய பாம் கைக்கணினிகளின் தரவுத்தளக் கோப்பையே தன் நூலுக்குப் பேழையாக எடுத்துக்கொண்டது. 2005இல் அமேசான் அந்நிறுவனத்தை வாங்கியதால், 2007இல் வந்த கிண்டிலும் அதே பேழையோடு வந்தது. ஏஇசட்டபிள்யூ என்பது பெரும்பாலும் பெயர் மாற்றிய மோபிதான்.

இத்தகைய கோப்பில் நான்கு அடுக்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: பேழை, சுருக்கம், பூட்டு, குறிமொழி (உரையின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் போன்ற குறிகள்). காலிபர் போன்ற மென்பொருள் 'மாற்றுகிறது' என்று நாம் சொல்வது கடைசி அடுக்கை மட்டும்தான். முதல் இரண்டையும் அது அவிழ்க்கிறது, மூன்றாவது இருந்தால் நின்றுவிடுகிறது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. 78ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளைச் சேர்த்து வாசித்தால் முதல் பதிவு, அதாவது சுழியம் எண்ணுள்ள பதிவு, கோப்பில் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அந்தப் பதிவின் முதல் இரண்டு பைட்டுகள் சுருக்கத்தைச் சொல்லும்: 1 என்றால் சுருக்கமில்லை, 2 என்றால் பாம் டாக் முறை, 17480 என்றால் ஹஃப்மன் வகை. அதே பதிவின் 12ஆம் பைட்டில் பூட்டு: 0 என்றால் திறந்த கோப்பு, 1 அல்லது 2 என்றால் பூட்டிய கோப்பு. உங்களுக்கு உடனே மாறியவற்றில் 0 இருக்கும், மறுத்தவற்றில் 2 இருக்கும். கோப்பின் பெயரிலிருந்து இதை அறிய வழியே இல்லை.

மும்மடங்கு கனக்கும் மோபியைப் பற்றி ஓர் ஊகம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 2011இன் இறுதியில் அமேசான் கேஎஃப்8 என்ற புதிய வடிவத்தை அறிவித்தபோது, பழைய கருவிகளையும் கைவிடாமலிருக்கக் கிண்டில்ஜென் என்ற கருவி ஒரே கோப்புக்குள் பழைய மோபி, புதிய கேஎஃப்8 ஆகிய இரண்டையும் வைத்தது. அத்துடன் நூலை உருவாக்கப் பயன்பட்ட மூலக்கோப்புகளையும் தனிப் பதிவாக உள்ளே செருகிவிட்டது. ஒரே நூல் மூன்று முறை இருக்கிறது, அவ்வளவுதான். கிண்டில்அன்பேக் என்ற பைத்தான் கருவி இவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்கும். மூலம் ஈபப் ஆக இருந்திருந்தால் அது அப்படியே வெளியே வரும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதே இல்லை. அந்த ஒரு கோப்பைக் காலிபரில் இட்டு மறுபடியும் ஈபப் ஆக்குவது, கையில் மூலப் பத்திரம் இருக்க நகலிலிருந்து நகல் எடுப்பதைப் போன்றது.

எது போகும் என்று கேட்டீர்கள். கேஎஃப்8 என்பது ஏறக்குறைய ஈபப் ஒன்றைப் பாம் பேழைக்குள் வைத்தது போலத்தான், ஆகவே அதிலிருந்து வருவதில் இழப்பு மிகக் குறைவு. பழைய மோபியில் நிலைமை வேறு: அதன் குறிமொழி 1990களின் எளிய எச்டிஎம்எல், எழுத்துருவை உள்ளே பொதிய முடியாது, அட்டவணைகளும் ஓர இடைவெளிகளும் தொடக்கத்திலேயே சிதைந்திருக்கும். மாற்றத்தில் போவதைவிட அந்த வடிவத்துக்குள் நுழையும்போதே போனதுதான் அதிகம்.

வரிவடிவன் (மறுமொழி 2)

முன்னவர் நான்கு அடுக்கு என்றார். தமிழுக்கு ஐந்தாவது ஒன்று உண்டு, எழுத்துக் குறியேற்றம். உங்கள் இரண்டு வகைக் குப்பைகளும் இரண்டு வேறு நோய்கள்.

சாய்கோட்டு 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' சின்னமும் திரும்பத் திரும்ப வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், உள்ளே இருப்பது யூனிகோடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ் 1252 அட்டவணையில் 224 என்பது அந்த 'ஏ', 174 என்பது அந்தச் சின்னம். ஆக, எழுத்து சரியாக இருக்கிறது, கோப்பின் தலைப்பகுதிதான் பொய் சொல்கிறது. சுழியப் பதிவின் 28ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளைப் பாருங்கள். 0, 0, 4, 228 என்றிருந்தால் அது 1252. அதை 0, 0, 253, 233 என்று திருத்தினால் 65001 ஆகும், அதாவது யூடிஎஃப்-8. தலைப்பகுதியில் 1252 என்று வெளிப்படையாக எழுதியிருக்கும்போது காலிபர் உங்கள் தெரிவைவிட அதையே நம்புகிறது. நீங்கள் மாற்றியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். கோப்பின் நகலில் செய்யுங்கள், மூலத்தில் அல்ல.

இரண்டாவது வகை கடினமானது. உங்கள் பெரியப்பா 2000களின் தொடக்கத்தில் சேகரித்தவர் என்றால் அவை யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி குறியேற்றத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் பல ஆண்டுகள் டிஸ்கியில்தான் வெளிவந்தன, பிறகே யூனிகோடுக்கு வந்தன. அப்போது கணினியில் டிஸ்கி எழுத்துரு ஒன்றை நிறுவி, மோபிபாக்கெட் ரீடரில் அதைத் தேர்ந்து படித்திருப்பார். எழுத்துரு கோப்புக்குள் இல்லை, அவருடைய கணினியில் இருந்தது. குவியலில் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் இட்ட எழுத்துகள் மிகுந்திருந்தால் டிஸ்கி போன்ற எட்டு பிட் முறை என்றும், குறியேதும் இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளாகவே இருந்தால் பாமினி போன்ற தட்டச்சு எழுத்துரு என்றும் முதற்கட்டமாகக் கொள்ளலாம்.

டிஸ்கியை யூனிகோடாக மாற்றுவது ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற நேரான வேலை அன்று. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்றாக வைக்கும். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. ஆகவே இந்த வரிசையையும் முறையாக மாற்றும் கருவியே வேண்டும். ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகம் இதைச் செய்யும், லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கும் டிஸ்கி தெரியும். காலிபர் ஏற்கெனவே குப்பையாக்கிய ஈபப்பிலிருந்து மீட்கப் பார்க்காதீர்கள். விண்டோஸ் 1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்தே இல்லை. அந்த எண்களில் இருந்தவை அங்கேயே தொலைந்திருக்கக்கூடும். கிண்டில்அன்பேக் தரும் கச்சா உரையை எடுத்து அதையே நேராக டிஸ்கி மாற்றியில் செலுத்துங்கள்.

அறுபதாம்பைட் (மறுமொழி 3)

வரிவடிவன் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும்: கச்சா உரை வேண்டாம், அந்தக் கருவியே எழுதித் தரும் எச்டிஎம்எல் கோப்பை எடுங்கள். பழைய மோபியில் உள்ளடக்கப் பட்டியலின் இணைப்புகள் ஒரு பெயரைச் சுட்டுவதில்லை. 'உரையின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்' என்று எண்ணைத்தான் சுட்டுகின்றன. டிஸ்கியில் ஓர் எழுத்து ஒரு பைட்டு, யூனிகோடில் மூன்றோ ஆறோ. கச்சா உரையை முதலில் மாற்றினால் எல்லா எண்களும் இடம் பெயர்ந்து, ஐந்தாம் இயலைத் தொட்டால் இரண்டாம் இயலின் நடுவில் கொண்டுபோய் விடும். கிண்டில்அன்பேக் அந்த எண்களுக்குரிய இடங்களில் பெயரிட்ட நங்கூரங்களை நட்ட பிறகே எச்டிஎம்எல் எழுதுகிறது. அதற்குப் பின் எழுத்தை எப்படி மாற்றினாலும் இணைப்பு தவறாது. நான் ஒருமுறை 600 பக்க அகராதி ஒன்றில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டு இரவு விழித்திருக்கிறேன்.

கருங்குயில் (மறுமொழி 4)

எல்ஆர்எஃப், எல்ஐடி பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். எல்ஆர்எஃப் என்பது சோனியின் பிபிஇபி வடிவம். 2004இல் ஜப்பானில் வந்த லிப்ரியே கருவியோடு தோன்றியது, 2009 அளவில் சோனியே அதைக் கைவிட்டு ஈபப் பக்கம் வந்துவிட்டது. இதில் காலிபருக்கு நிகரான கருவி இல்லை, ஏனெனில் அந்த மென்பொருள் பிறந்ததே சோனி ரீடருக்காகத்தான்: 2006இல் தம் கருவி லினக்ஸோடு பேச மறுத்ததால் கோவிட் கோயல் என்பவர் எழுதத் தொடங்கிய நிரல்தான் பின்னாளில் காலிபர் ஆயிற்று. பூட்டில்லாத எல்ஆர்எஃப் தயக்கமின்றி மாறும்.

எல்ஐடி என்பது மைக்ரோசாஃப்ட் ரீடரின் வடிவம். விண்டோஸின் பழைய உதவிக்கோப்பு வடிவத்தோடு நெருங்கிய உறவுடையது, உள்ளே இருப்பதும் எச்டிஎம்எல்தான். பூட்டு இல்லாதவை காலிபரில் திறக்கும். பூட்டியவையோ வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தன. 2012இல் மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டதால், முறைப்படி பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் புதிய கணினியில் அதைச் செயல்படுத்தும் வழி அடைபட்டது.

பூட்டிய கோப்புகளைப் பற்றி இங்கே யாரும் கருவி பரிந்துரைக்க மாட்டார்கள், நானும் மாட்டேன். ஆயினும் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லலாம். 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல் அங்கே முக்கியமானது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு செயலுக்காகச் செய்வதை அப்பிரிவு தடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் பிறருக்காகப் பூட்டைத் திறந்து தருபவர், யாருக்காக, எதற்காக என்ற முழுப் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வருகிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமையானது. வெளிநாட்டு மன்றங்களில் படித்ததை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்கள் பெரியப்பாவின் கிண்டில் கணக்கு குடும்பத்தாரிடம் இன்னும் திறக்கும் நிலையில் இருக்குமானால் அந்த நூல்களை அதன் செயலியிலேயே படிப்பதுதான் சுலபம்.

மாற்றி முடித்ததும் மூலக்கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பத்து ஆண்டு கழித்து இதைவிட நல்ல மாற்றி வரும், அப்போது அதற்கு ஊட்ட உங்களிடம் மூலம் இருக்க வேண்டும்.

ஏட்டுக்கட்டு (தொடர்ச்சி)

மூவருக்கும் நன்றி. தலைப்பகுதியைத் திருத்தியதில் 14 தமிழ்க் கோப்புகள் ஒரே மாலையில் சரியாகிவிட்டன. கனமான மோபியைப் பிரித்ததில் உள்ளே மூல ஈபப் அப்படியே இருந்தது. டிஸ்கி என்று கருதியவற்றில் ஒன்பதும் டிஸ்கியே; எச்டிஎம்எல் வழியாகவே மாற்றினேன், உள்ளடக்கப் பட்டியல் சரியாகத் தாவுகிறது.

ஆனால் ஆர்வக் கோளாறில் நானே ஒரு பைத்தான் நிரல் எழுதி, முதலிலிருந்தே யூடிஎஃப்-8 என்று சரியாகக் குறித்திருந்த ஒரு கோப்பை அவிழ்த்துப் பார்த்தேன். பாம் டாக் சுருக்கத்தை அவிழ்க்கும் பகுதியைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்; ஆங்கில நூலில் பிழையே இல்லை. தமிழ் நூலில் மட்டும் சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு சொல்லின் நடுவில் முன்னே வந்த சில எழுத்துத் துண்டுகள் மறுபடியும் தலைகாட்டுகின்றன. எங்கே தவறுகிறேன்?

அறுபதாம்பைட் (மறுமொழி 5)

இது தமிழ் எழுதுபவர்களுக்கே உரிய பொறி, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மோபி கோப்பில் உரை 4096 பைட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றும் தனிப் பதிவாகச் சுருக்கப்படுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, 4096 மூன்றால் மீதியின்றி வகுபடாது. இடையில் ஒரு பைட்டு இடைவெளிகளும் குறிமொழியும் வேறு கலக்கின்றன. ஆகவே பல பதிவுகள் ஓர் எழுத்தின் நடுவில்தான் முடியும். அப்படி முடியும்போது, அந்த எழுத்தை நிறைவு செய்யத் தேவையான பைட்டுகள் சுருக்கப்படாமல் பதிவின் வாலில் ஒட்டப்படும்; அதே பைட்டுகள் அடுத்த பதிவின் தொடக்கத்திலும் முறைப்படி வரும். வாலை வெட்டாமல் நீங்கள் அவிழ்க்கிறீர்கள்.

வெறும் இரட்டிப்பாக இல்லாமல் முந்தைய துண்டுகள் ஏன் முளைக்கின்றன என்பதற்கும் விடை உண்டு. யூடிஎஃப்-8 எழுத்தின் இரண்டாம், மூன்றாம் பைட்டுகள் 128 முதல் 191 வரையுள்ளவை. பாம் டாக் முறையில் அதே எண்கள் 'பின்னால் போய் 3 முதல் 10 பைட்டுகளை நகலெடு' என்ற கட்டளை. உங்கள் நிரல் வாலில் கிடக்கும் அரை எழுத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு கீழ்ப்படிகிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் இது நேரவே நேராது. (அந்தச் சுருக்கமுறையே ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தது: இடைவெளியும் அடுத்த எழுத்தும் சேர்ந்து ஒரே பைட்டாகும், நமக்கோ எட்டு பைட்டுகளுக்கு ஒருமுறை 'இவை எழுத்துகள்' என்று ஒரு கூடுதல் பைட்டு செலவாகும்.)

சுழியப் பதிவின் 242ஆம் பைட்டிலிருந்து இரண்டு பைட்டுகளை வாசியுங்கள். அதன் கடைசி பிட் 1 என்றால் இந்த வால் இருக்கிறது. மற்ற பிட்டுகள் குறிக்கும் வேறு வால்களும் இருக்கலாம், அவை அதற்கும் பின்னால் ஒட்டியிருப்பதால் அவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு எஞ்சிய பதிவின் கடைசிப் பைட்டில் கீழ் இரண்டு பிட்டுகள் காட்டும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை பைட்டுகளை இறுதியிலிருந்து வெட்டிவிட்டு அதன்பின் அவிழுங்கள்.

ஏட்டுக்கட்டு (தொடர்ச்சி)

வெட்டினேன், நின்றுவிட்டது. அந்த நூலை இப்போது காலிபர் தந்த ஈபப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஓர் எழுத்தும் வேறுபடவில்லை. பூட்டிய ஏஇசட்டபிள்யூ பதினொன்றையும், எல்ஐடி மூன்றையும் தனி உறையில் அப்படியே வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் கைபேசியில் கிண்டில் செயலி இன்னும் பெரியப்பாவின் கணக்கிலேயே திறந்திருக்கிறது. அவர் கடைசியாகப் படித்த பக்கமும் அப்படியே நிற்கிறது என்று பெரியம்மா காட்டினார்.